கொண்டோவின் இறுதிப் பதிவு நெருங்கும் வேளையில் வங்கி கடனைக் குறைத்துவிட்டது: வட்டி இறங்கிய பிறகும் இந்த இறுக்கம் ஏன்?

ஸ்காபுரோவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல காலமாக இங்கே வாசித்து வருகிறேன். கேள்வியோடு வருவது இதுவே முதல் தடவை.

2021 ஒக்டோபரில், ஸ்காபுரோவில் கட்டப்படவிருந்த ஒரு மாடித் தொகுதியில் 560 சதுர அடிக் கொண்டோ ஒன்றை, வரைபடத்தை மட்டும் பார்த்து, 680,000 டொலருக்கு ஒப்பந்தம் செய்தோம். 20 சதவீத முற்பணமான 136,000 டொலரைத் தவணை தவணையாகக் கட்டி முடித்துவிட்டோம். 2025 ஜனவரியில் திறப்பும் கைக்கு வந்தது. கட்டடம் இன்னும் சட்டப்படி பதிவாகி வீடு எங்கள் பெயருக்கு மாறாததால், வீட்டின் விலையில் ஒரு சதமும் குறையாத 'குடியிருப்புக் கட்டணம்' ஒன்றை மாதந்தோறும் கட்டட நிறுவனத்துக்குச் செலுத்தி வருகிறோம். செப்டெம்பர் இறுதியில் பதிவு நடக்கும் என்று இப்போது கடிதம் வந்திருக்கிறது.

ஒப்பந்தம் செய்த நாளில் எங்கள் வங்கி 544,000 டொலர் வரை கடன் தருவதாக முன்னனுமதிக் கடிதம் கொடுத்திருந்தது. சென்ற மாதம் அதே வங்கி மதிப்பீட்டாளர் ஒருவரை அனுப்பியது. அவர் வீட்டுக்குள் இருபது நிமிடம்கூட நிற்கவில்லை. சமையலறையையும் குளியலறையையும் படம் எடுத்தார், பலகணியில் நின்று எதிர்ப்புறக் கட்டடத்தைப் பார்த்தார், போய்விட்டார். அறிக்கையில் இருந்த பெறுமதி 545,000 டொலர். அதில் 80 சதவீதமான 436,000 டொலர்தான் தர முடியும் என்று வங்கி சொல்கிறது. 108,000 டொலருக்கு நாங்கள் எங்கே போவது?

எனக்கு விளங்காதது இதுதான். கனடா வங்கியின் வட்டி வீதம் 5 சதவீதத்திலிருந்து 2025 மார்ச்சில் 2.75 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. காப்புறுதி செய்யப்பட்ட கடனுக்கான (கட்டாமல் விட்டால் வங்கியின் நட்டத்தைக் காப்புறுதி நிறுவனம் ஏற்கும் கடன்) விலை வரம்பை அரசாங்கம் 1.5 மில்லியனாக உயர்த்தியிருக்கிறது. திருப்பிச் செலுத்தும் காலத்தையும் பலருக்கு 30 ஆண்டாக நீட்டியிருக்கிறது. செய்திகளில் எல்லாமே தளர்வு என்று சொல்லும்போது வங்கி மட்டும் ஏன் இறுக்குகிறது? எங்கள் வேலையும் வருமானமும் கிரெடிட் ஸ்கோரும் அப்படியேதான் இருக்கின்றன.

மார்க்கம்_கடன்முகவர் எழுதியது:

வணக்கம் தம்பி. நான் பதினான்கு ஆண்டுகளாக அடமானக் கடன் முகவராக வேலை செய்கிறேன். இந்த ஆண்டு என் மேசைக்கு வந்த கோப்புகளில் பாதி உங்கள் கதைதான். எண்கள் மட்டும் வேறு.

அரசாங்கம் அறிவிக்கும் விதி ஒன்று, வங்கி கையில் வைத்திருக்கும் அளவுகோல் வேறொன்று. ஒப்பந்த விலை, மதிப்பீட்டுப் பெறுமதி ஆகிய இரண்டில் எது குறைவோ அதன் மீதுதான் கடன் என்பது புதிய விதியே அல்ல. 2021இலும் அது இருந்தது. அப்போது மதிப்பீடு ஒப்பந்த விலையைத் தாண்டி வந்துகொண்டிருந்ததால் எவர் கண்ணிலும் படவில்லை. ரொறன்ரோப் பெரும்பாகத்தில் வீடுகளின் சராசரி விலை 2022 பெப்ரவரியில் ஏறத்தாழ 1.33 மில்லியன் டொலராக உச்சத்தைத் தொட்டது, 2025 நடுப்பகுதியில் 1.1 மில்லியனைச் சுற்றி நின்றது. சிறிய கொண்டோக்களின் நிலை இதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் அவற்றை வாங்கியவர்களில் பெரும்பகுதியினர் குடியிருக்க வாங்கியவர்கள் அல்லர், வாடகைக்கு விட வாங்கியவர்கள்.

மதிப்பீட்டாளர் இருபது நிமிடம் நின்றது பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவருடைய உண்மையான வேலை வீட்டுக்குள் நடப்பதில்லை. அவர் அலுவலகத்துக்குத் திரும்பி, கடந்த மூன்று மாதங்களில் அருகில் விற்ற மூன்று நான்கு ஒத்த வீடுகளை எடுத்து, தளம், பரப்பு, வாகனத் தரிப்பிடம் ஆகியவற்றுக்காகக் கூட்டிக் கழித்துத்தான் எண்ணுக்கு வருகிறார். உங்கள் கட்டடத்திலேயே ஒருவர் கையில் பணம் முடிந்து தன் ஒப்பந்தத்தை நட்டத்துக்கு விற்றிருந்தால், அந்த விற்பனையே உங்கள் ஒப்பீடாகிவிடும். ஏறும் சந்தையில் சந்தேகத்தின் பலன் வாங்குபவருக்கு; இறங்கும் சந்தையில் அது வங்கிக்கு. பெறுமதியைக் கூட்டிச் சொல்லி நாளை கடன் கெட்டுப்போனால், வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலிலிருந்து தன் பெயர் போய்விடும் என்பது மதிப்பீட்டாளருக்கு நன்றாகத் தெரியும்.

முன்னனுமதிக் கடிதத்தை நம்பியது உங்கள் தவறல்ல. அதை அப்படி நம்பும்படிதான் விற்பனைக் கூடத்தில் எல்லோருக்கும் சொன்னார்கள். ஆனால் அது வருமானத்தைப் பார்த்து எழுதிய கடிதம். நான்கு ஆண்டுக்குப் பிந்தைய வீட்டின் பெறுமதியை அதில் எவரும் உறுதிப்படுத்தவில்லை.

மற்ற இறுக்கங்களும் இப்படிப் பக்கவாசலால்தான் வருகின்றன. 500 சதுர அடிக்குக் குறைந்த வீடு என்றால் சில நிறுவனங்கள் கோப்பையே திறப்பதில்லை. வாடகை வருமானத்தில் பாதியை மட்டுமே கணக்கில் எடுப்பவர்கள் கூடிவிட்டார்கள். வருமானச் சான்றுகளை இப்போது துருவித் துருவிப் பார்க்கிறார்கள். அதற்கொரு வரலாறு உண்டு: போலி வருமான ஆவணங்கள் தொடர்பில் ஹோம் கேப்பிட்டல் என்ற வீட்டுக்கடன் நிறுவனம் 45 முகவர்களை இடைநிறுத்தியதாக 2015இல் அறிவித்ததிலிருந்து, வேலைக் கடிதத்தை மட்டும் பார்த்து எவரும் திருப்தியடைவதில்லை; வருமான வரி மதிப்பீட்டு அறிவித்தலையும் கேட்பார்கள், வேலைத்தலத்துக்கும் அழைப்பார்கள்.

இதற்கு மேல் 2018 ஜனவரி முதல் காப்புறுதியில்லாத கடனுக்கும் உள்ள அழுத்தச் சோதனை இருக்கிறது: 5.25 சதவீதம் அல்லது உங்கள் வட்டியோடு 2 சதவீதம், இரண்டில் எது கூடவோ அந்த வீதத்தில் கட்ட முடியுமா என்று பார்ப்பார்கள். வருமானத்தைப் போல நான்கரை மடங்குக்கு மேற்பட்ட காப்புறுதியில்லாத கடன்கள் ஒரு வங்கியின் புதிய கடன்களில் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கும் வங்கிகளைக் கண்காணிக்கும் அரசாங்க மேற்பார்வை அலுவலகம் அண்மையில் எல்லை வைத்திருக்கிறது.

இரண்டு கேள்விகள். நீங்கள் அந்த வீட்டில் குடியிருக்கிறீர்களா, வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? குடும்பத்தின் மொத்த வருமானம் என்ன, வேறு கடன்கள் உண்டா? பதிலைப் பொறுத்து வழி மாறும்.

பாலைவனத்தமிழன் எழுதியது:

நான் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கிறேன். உங்கள் ஊர் விதிகள் எனக்குத் தெரியாது. ஆனால் இறங்கும் சந்தையில் கடன் கேட்டு நின்ற அனுபவம் உண்டு என்பதால் எழுதுகிறேன்.

2006 வரை இங்கே வருமானத்துக்குச் சான்றே கேட்காமல் கடன் கொடுத்தார்கள், சொன்னதை எழுதிக்கொண்டார்கள். 2007 ஏப்ரலில் நியூ செஞ்சுரி என்ற வீட்டுக்கடன் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அந்த ஆகஸ்டில், நாட்டிலேயே அதிக வீட்டுக்கடன் கொடுத்துவந்த கண்ட்ரிவைடு, கைச்செலவுக்கே 1,150 கோடி டாலர் வங்கிக் கடனை எடுக்க வேண்டியதாயிற்று. அதோடு சான்றில்லாக் கடன் என்ற வகையே சில மாதங்களில் சந்தையிலிருந்து காணாமல் போயிற்று. அது போனதில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் அடுத்த கட்டத்தில்தான் வந்தது. 2007 டிசம்பரில், கடன் நிறுவனங்களிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே ஒரு விதி கொண்டுவந்தது: விலை இறங்கும் பகுதி என்று குறிக்கப்பட்ட இடத்தில் வீடு இருந்தால், வழக்கமாகத் தரக்கூடிய உச்ச அளவிலிருந்து 5 சதவீதப் புள்ளிகளைக் குறைத்துத்தான் கடன். நான் 2008 மார்ச்சில் பத்து சதவீதம் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பித்தேன். மாதம் தவறாமல் சம்பளம், ஒரு தவணைகூடத் தவறாத பதிவு. இருந்தும் நான் கேட்ட வீட்டின் அஞ்சல் குறியீடு இறங்கும் பட்டியலில் இருந்ததால், கையெழுத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில், பதினைந்து சதவீதம் கொண்டுவாருங்கள் என்று கடன் நிறுவனத்திலிருந்து தொலைபேசி வந்தது. என்னால் முடியவில்லை. விற்றவர் அந்த வீட்டை இரண்டு மாதம் கழித்து என்னுடைய விலைக்கும் கீழே வேறொருவருக்குக் கொடுத்தார். அந்த விற்பனைதான் அந்தத் தெருவில் அடுத்த வீட்டுக்கு ஒப்பீடாயிற்று. விலை இறங்குகிறது என்று கடனைக் குறைக்கிறார்கள், கடன் குறைந்ததால் வாங்க ஆளில்லை, ஆளில்லாததால் விலை இறங்குகிறது: இந்தச் சுழலை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, அந்தத் தெருவில் பார்த்தேன்.

அந்த விதிக்கு எழுந்த எதிர்ப்பில் ஃபேனி மே அதை 2008 மே மாதமே கைவிடுவதாக அறிவித்துவிட்டது. அதனால் பெரிதாக எதுவும் தளரவில்லை. அந்த ஜூலையில் ஃபெடரல் ரிசர்வ் நடத்திய வங்கி அதிகாரிகள் கணக்கெடுப்பில், ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வங்கிகள் நல்ல தரமான வீட்டுக்கடனுக்குமே நிபந்தனையை இறுக்கியதாகச் சொல்லியிருந்தன. அதாவது எழுதப்பட்ட விதி போனாலும் வங்கியின் மனத்தில் இருந்த விதி போகவில்லை. ஃபீனிக்ஸில் 2006 உச்சத்திலிருந்து 2011 வரை விலை பாதிக்கும் கீழே போயிற்று என்பதையும் நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும். அன்று எனக்குக் கடன் கிடைத்திருந்தால் நான் மூழ்கியிருப்பேன். வங்கியின் பயம் தவறாகவும் இருந்தது, சரியாகவும் இருந்தது.

கடைசியில் 2009இல், அரசு உத்தரவாதமுள்ள எஃப்.எச்.ஏ. கடனில், 3.5 சதவீத முன்பணத்தில் வேறொரு வீடு வாங்கினேன். பதினைந்து சதவீதம் கேட்ட அதே நிறுவனம்தான் அந்தக் கடனையும் கொடுத்தது! நட்டம் வந்தால் அது வேறொருவர் தலையில் விழும் என்றால் அவர்களுக்குப் பயமில்லை. உங்கள் ஊரில் அப்படி ஒரு வாசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்காபுரோவாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. அண்ணா கேட்டவற்றுக்குப் பதில்: பெப்ரவரி முதல் நானும் மனைவியும் அந்த வீட்டிலேயே குடியிருக்கிறோம், வாடகைக்கு விடும் எண்ணம் இல்லை. இருவரின் வருமானமும் சேர்த்து ஆண்டுக்கு 122,000 டொலர். கார்க் கடன் மாதம் 640 டொலர். கடன் அட்டையில் நிலுவை இல்லை. இது எங்கள் முதல் வீடு. ஓர் உறவினர் அதே வீட்டின் மீது தனியாரிடம் இரண்டாவது அடமானம் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். அதையும் கேட்டு வைத்திருக்கிறேன்.

மார்க்கம்_கடன்முகவர் எழுதியது:

அரிசோனா நண்பர் நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டார். இங்கே அந்த வாசல் இருக்கிறது: காப்புறுதி செய்யப்பட்ட கடன். உங்கள் வங்கி உங்களை 20 சதவீதம் கட்டியவர் என்று பார்ப்பதால், காப்புறுதியில்லாத கடனாகவே கணக்குப் போட்டிருக்கிறது. நீங்கள் குடியிருப்பவர் என்றால் அப்படிப் பார்க்கத் தேவையில்லை.

கணக்கு இது. காப்புறுதி நிறுவனமும் 545,000 என்ற குறைந்த பெறுமதியையே எடுக்கும். முதல் 500,000க்கு 5 சதவீதமும் மீதி 45,000க்கு 10 சதவீதமும் உங்கள் பங்கு, ஆக 29,500. மிகுதி 515,500 டொலர் கடனாகக் கிடைக்கலாம். உங்களுக்குத் தேவை 544,000. 108,000 ஆக இருந்த பள்ளம் 28,500 ஆகச் சுருங்குகிறது. இலவசமாக அல்ல. 30 ஆண்டுக் காலத்துக்குக் காப்புறுதிக் கட்டணம் 4.2 சதவீதம், சுமார் 21,650 டொலர், கடனோடு சேரும். அதன் மீதான ஒன்ராறியோ விற்பனை வரி 8 சதவீதம், சுமார் 1,730 டொலரை, பதிவு நாளில் கையிலிருந்து கட்ட வேண்டும். நிலமாற்று வரியும் சட்டத்தரணி செலவும் தனி.

வருமானம் போதுமா என்று பார்த்தேன். 4.2 சதவீத வட்டி என்று வைத்தால் சோதனை வீதம் 6.2. அந்த வீதத்தில் மாதத் தவணை 3,260 டொலர் அளவில் வரும். சொத்து வரி, வெப்பமூட்டல், பராமரிப்புக் கட்டணத்தில் பாதி எல்லாம் சேர்ந்து 3,800 என்று வைப்போம். வீட்டுச் செலவு வருமானத்தில் 39 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற எல்லைக்குள் இது அடங்குகிறது. கார்க் கடனையும் சேர்த்தால் 4,440. மற்றக் கடன்களும் சேர்ந்த செலவுக்கான 44 சதவீத எல்லை உங்களுக்கு 4,473. முப்பத்து மூன்று டொலர் இடைவெளி! பதிவு முடியும்வரை தயவுசெய்து தளபாடக் கடையில் தவணைக்குச் சோபா எடுத்துவிடாதீர்கள். அப்படி ஒரு கோப்பு போன வருடம் என் கையிலேயே கவிழ்ந்தது.

வாசல் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். 2020 ஜூலையில் விலைகள் விழப்போகின்றன என்று கருதிய அரசாங்கக் காப்புறுதி நிறுவனமான சி.எம்.எச்.சி. இந்த 39, 44 எல்லைகளை 35, 42 என்று குறைத்து, கிரெடிட் ஸ்கோரின் கீழெல்லையை 680 ஆக்கியது. மற்ற இரண்டு காப்புறுதி நிறுவனங்களான சேஜனும் கனடா கேரண்டியும் அதைப் பின்பற்றவில்லை. விலையோ விழவில்லை, ஏறியது. ஓராண்டு கழித்து சி.எம்.எச்.சி. பழைய எல்லைக்கே திரும்பியது. ஓர் இடத்தில் மறுத்தால் மற்ற இடத்தில் கேட்பது வீண்வேலை அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று. மீதி 28,500ஐச் சீட்டுக் காசில் எடுக்க நினைத்தால் இன்றே வங்கியில் போடுங்கள். 90 நாள் கணக்கறிக்கை கேட்பார்கள்; திடீரென்று விழுந்த 20,000 டொலர் எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போது 'சீட்டு' என்ற சொல்லை வங்கி அலுவலருக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உடன்பிறந்தவரோ பெற்றோரோ கொடுப்பது என்றால் நன்கொடைக் கடிதம் போதும், ஆனால் அது உண்மையான நன்கொடையாக இருக்க வேண்டும்.

பழையவர்_1987 எழுதியது:

தம்பி, முகவர் சொன்ன வழி சரியானது. அந்தத் தனியார் இரண்டாவது அடமானத்தைப் பற்றி அவர் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று தெரியவில்லை, நான் சொல்கிறேன். தொடாதே. நான் 1989இல் ஸ்காபுரோவில் தொடர்வீடு ஒன்று வாங்கினேன். அந்த ஆண்டு ரொறன்ரோவில் சராசரி விலை 273,000 டொலர் அளவில் நின்றது. 1996இல் 198,000க்கு வந்தது. பழைய எண்ணை மறுபடி பார்க்க 2002 ஆயிற்று. பதின்மூன்று ஆண்டு. நானும் மனைவியும் ஆளுக்கு இரண்டு வேலை செய்து அந்த வீட்டைக் காப்பாற்றினோம். என் மைத்துனர் இடைவெளியை நிரப்ப இரண்டாவது அடமானம் எடுத்தார். ஓராண்டு முடிவில் அந்தத் தனியார் புதுப்பிக்க மறுத்தார். வேறு வங்கிக்கு மாறலாம் என்று போனால், வீட்டின் பெறுமதி முதல் அடமானத்துக்கே போதவில்லை என்றார்கள். வீடு போயிற்று. மறுவருடம் மைத்துனரும் குடும்பத்தோடு வேறு மாகாணத்துக்குப் போய்விட்டார்.

என் வங்கி எனக்கு 1992இல் கடனின் தவணைக்காலம் முடிந்து புதுப்பிக்கும்போது மதிப்பீட்டாளரை அனுப்பவே இல்லை. ஒழுங்காகக் கட்டுபவனிடம் வீட்டின் பெறுமதியைக் கேட்டு வம்பை விலைக்கு வாங்க அவர்களுக்கும் விருப்பமில்லை. ஆகவே கடன் எடுத்த பிறகு, விலை தேறும்வரை இருக்கும் இடத்திலேயே இரு.

மார்க்கம்_கடன்முகவர் எழுதியது:

ஐயா சொன்னது சரி. நான் விட்டது என் பிழை. தனியார் இரண்டாவது அடமானம் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். வட்டி இரட்டை இலக்கத்துக்குப் போகும், கட்டணமும் தனி. காப்புறுதி செய்த முதல் கடனுக்குப் பின்னால் அதை ஒளித்து வைப்பது விண்ணப்பத்தில் பொய் சொல்வதாகும். ஆனால் ஒப்பந்தத்தைக் கைவிட்டு நடப்பதும் வழியல்ல. ஒன்ராறியோவில் கட்டிய 136,000 போவதோடு, கட்டட நிறுவனம் வீட்டைக் குறைந்த விலைக்கு மறுபடி விற்றால் வித்தியாசத்துக்கும் உங்கள் மீது வழக்குத் தொடரலாம். இதைச் சட்டத்தரணியிடம் நேரில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

ஸ்காபுரோவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். வேறொரு நிறுவனத்தின் வழியாகக் காப்புறுதி செய்த கடனுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். இந்தத் தடவை பெறுமதி 550,000 என்று வந்திருக்கிறது. ஒப்பீடாக எடுத்த மூன்று வீடுகளில் ஒன்று எங்கள் கட்டடத்தின் பதினோராம் மாடி. அங்கே இருந்தவரை மின்தூக்கியில் பார்த்திருக்கிறேன். மார்ச் மாதம் பெட்டிகளோடு நின்றார். நகர்கிறீர்களா என்று கேட்டதற்குச் சிரித்தார். பள்ளம் இப்போது 24,000. தங்கை 15,000 நன்கொடையாகத் தருகிறாள். கடிதத்தில் நேற்றுக் கையெழுத்திட்டாள். மிகுதி எங்கள் சேமிப்பில் இருக்கிறது, பதிவுச் செலவுக்குத்தான் இன்னும் கொஞ்சம் ஓட வேண்டும். உறவினரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு மனத்தாங்கல்.